மாநிறத்துக்கு 'பேபி பிங்க்' ஏன் செட் ஆவதில்லை? முதல்முறை ப்ளஷ் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை!

தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு நிச்சயதார்த்த வீடு என்று வைத்துக்கொள்வோம். தங்கச்சிக்கு நிச்சயம். பார்லர் செலவு வேண்டாம், அக்காவே மேக்கப் போட்டுவிடுவதாக முடிவாகிவிட்டது. காம்பாக்ட் இருக்கு, காஜல் இருக்கு, லிப்ஸ்டிக் நாலு இருக்கு. இல்லாதது ப்ளஷ் மட்டும்தான்.

கன்னத்தில் போட்டுப் பார்த்து வாங்க டெஸ்டர் வைத்திருக்கும் பெரிய கடைக்குப் போக வேண்டுமென்றால் தர்மபுரிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏற வேண்டும். அதனால் அக்கா போனை எடுக்கிறார். 'பிகினர்ஸ்க்கு பெஸ்ட் ப்ளஷ்' என்று தேடினால் வரிசையாக வருவது வெளிர் ரோஸ் நிறம். அதற்குப் பெயர் 'பேபி பிங்க்'. ரீல்ஸில் பார்க்க அழகாக இருக்கிறது. ஆர்டர் போட்டு, நாலு நாளில் வந்து, தங்கச்சி கன்னத்தில் தடவிப் பார்த்தால் ரோஸ் நிறத்தையே காணோம். கோலமாவு ஒட்டியது போல சாம்பல் பூத்து நிற்கிறது.

உடனே வீட்டில் யாராவது சொல்வார்கள்: "நம்ம கலருக்கு இதெல்லாம் எடுக்காதும்மா."

அது தவறு. பிரச்னை தங்கச்சியின் கலரில் இல்லை, அந்த டப்பாவில் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ப்ளஷ் எதைக் காப்பி அடிக்கிறது?

வெட்கப்பட்டால், ஓடி வந்தால், வெயிலில் நடந்தால் கன்னத்தில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. கன்னம் சிவக்கிறது. இந்தச் சிவப்பைத்தான் ப்ளஷ் செயற்கையாகக் கொண்டுவருகிறது.

வெள்ளைத் தோலில் இந்தச் சிவப்பு ரோஸ் நிறமாகத் தெரியும். மாநிறத்திலும் கருப்பு நிறத்திலும் அதே ரத்தம்தான் பாய்கிறது. ஆனால் மேலே மெலனின் என்ற நிறமி அதிகமாக இருப்பதால், அதன் வழியாக வெளியே தெரியும்போது செங்கல் நிறமாகவோ, நாவல்பழத்தை நசுக்கினால் வரும் கருஞ்சிவப்பாகவோ தெரிகிறது. அதாவது நம்ம ஊர் முகம் சிவந்தால் 'பேபி பிங்க்' ஆவதே கிடையாது. ஆகாத ஒரு நிறத்தைக் கன்னத்தில் பூசினால் அது தனியாக ஒட்டிக்கொண்டு நிற்காமல் என்ன செய்யும்?

உங்களுக்கான நிறம் எது என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கீழ் உதட்டை லேசாக மடித்து உட்புறத்தைப் பாருங்கள். அந்த நிறத்துக்குப் பக்கத்தில் வரும் ஷேட் பெரும்பாலும் கன்னத்துக்கும் பொருந்தும். மாடிப்படி நாலு தடவை ஏறி இறங்கிவிட்டுக் கண்ணாடியைப் பார்ப்பது இன்னொரு வழி.

சாம்பல் பூப்பது எதனால்?

வெளிர் நிறம் எப்படித் தயாராகிறது என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும். பெயின்ட் கடையில் சிவப்பில் வெள்ளையைக் கலந்தால் ரோஸ் வரும். பவுடர் ப்ளஷ்ஷிலும் அதே கதைதான். டால்க் போன்ற வெண்ணிறப் பொடிகள்தான் பல பவுடர்களுக்கு அடிப்படை. நிறத்தை இன்னும் வெளிறச் செய்ய டைட்டானியம் டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். சுவர் பெயின்டிலும் வெண்மைக்குச் சேர்ப்பது இதைத்தான். ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பது இதன் வேலை.

வெளிர் தோலில் இந்த வெள்ளை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். மாநிறத் தோலில் சிவப்பு நிறமி அடங்கிப்போய் வெள்ளை மட்டும் முன்னால் வந்து நிற்கும். அதுதான் அந்தச் சாம்பல்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கும். டப்பாவில் பார்க்கும்போது "அய்யோ, இதைப் போட்டா கூத்து வேஷம் மாதிரி ஆயிடுமே" என்று பயமுறுத்தும் அடர் சிவப்பு, கன்னத்தில் லேசாகத் தட்டினால் இயல்பான சிவப்பாக இறங்கிவிடும். முதல்முறை வாங்குவோர் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். டப்பாவில் சாதுவாகத் தெரிவதை எடுப்பார்கள். டப்பாவில் மிரட்டுவதுதான் நம் கன்னத்தில் சாதுவாக இருக்கும்.

எந்த நிறத்துக்கு எந்த ஷேட்?

கோதுமை நிறம் என்றால் பீச், கோரல், மிதமான ரோஸ் எல்லாம் எடுக்கும். கோரல் என்பது பவளத்தின் ஆரஞ்சு கலந்த சிவப்பு.

மாநிறத்துக்கு அதிலிருந்து இரண்டு படி அடர்த்தியாகப் போகலாம். அடர் ரோஸ், செம்மண் நிறம், செங்கல் நிறம், மாதுளை முத்தின் சிவப்பு. கடைகளில் 'டெரகோட்டா', 'ப்ரிக்', 'டீப் ரோஸ்' என்ற பெயர்களில் தேடுங்கள்.

கருப்பு நிறத்துக்கு இன்னும் தைரியமாகப் போகலாம். 'பெர்ரி', 'ப்ளம்', 'ஒயின்' எனப்படும் கருஞ்சிவப்புகள், நல்ல அடர் ஆரஞ்சு, அரளிப்பூவின் கடும் ரோஸ். இந்தக் கடும் ரோஸும் ஆரஞ்சும் வெளிர் தோலில் ஜோக்கர் போல ஆகிவிடும். கருப்புத் தோலில்தான் அவற்றின் அழகே தெரியும். மேக்கப்பில் கருப்பு நிறத்துக்குக் கிடைத்திருக்கும் ஒரு சலுகை இது. ஆனால் நம்ம ஊரில் பலர் அதைப் பயன்படுத்திக்கொள்வதே இல்லை.

'மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பாருங்கள்' என்று இன்டர்நெட்டில் ஒரு டெஸ்ட் சுற்றுகிறதே, அது? கருத்த கையில் நரம்பின் நிறம் சரியாகத் தெரியாது. அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இந்த மாதிரி அளவுகோல்கள் பலவும் வெள்ளைத் தோலை மனதில் வைத்து வந்தவை. தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் 'ஃபிட்ஸ்பாட்ரிக்' அளவுகோலே 1975-ல் உருவானபோது வெள்ளைத் தோல் வகைகளை மட்டும்தான் பிரித்தது. பழுப்பு, கருப்பு நிறங்களுக்கான ஐந்தாவது, ஆறாவது வகைகள் பிறகுதான் சேர்ந்தன.

பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கத்துக்கென்றே ஒரு விஷயம் உண்டு. மஞ்சள் விளையும் ஊர், முகத்துக்கு மஞ்சள் பூசும் வழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. முகத்தில் மஞ்சளின் சாயல் தங்கியிருந்தால் ரோஸ் நிற ப்ளஷ் கொஞ்சம் ஆரஞ்சு பக்கம் சாயும். விசேஷத்தன்று காலையில் மஞ்சள் பூசிக் குளிப்பது உறுதி என்றால், ஒத்திகை பார்க்கும் நாளிலும் பூசிக்கொண்டே பாருங்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது

முதல் வேலை, போனில் 'நைட் லைட்' அல்லது 'ஐ கம்ஃபர்ட்' ஆன் ஆகியிருந்தால் அணைப்பது. அது திரையை மஞ்சளாக்கிவிடும், எல்லா ஷேடும் பீச் போலத் தெரியும்.

கம்பெனி போடும் படத்தைவிட, வாங்கியவர்கள் ரிவ்யூவில் போட்டிருக்கும் படங்களைப் பாருங்கள். அதிலும் உங்கள் நிறத்தில் இருப்பவர் வெளிச்சத்தில் நின்று எடுத்த படமாக ஒன்று கிடைத்தால் போதும். புறங்கையில் தடவிக் காட்டும் படத்தை அதிகம் நம்ப வேண்டாம். கையின் நிறமும் கன்னத்தின் நிறமும் ஒன்றாக இருப்பதில்லை. பிரித்த மேக்கப் பொருளைப் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்பதால் முதலில் சின்ன சைஸாக வாங்குவது நல்லது.

லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள்

திருவிழாக் கடையிலும் சந்தையிலும் பெரிய பிராண்டுகளின் பெயரில் ஐம்பது, நூறு ரூபாய்க்கு 'மேக்கப் கிட்' கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு கலர் ப்ளஷ் ஒரே பெட்டியில். பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

இந்தியாவில் விற்கும் அழகுசாதனப் பொருட்களுக்கு 'அழகுசாதனப் பொருட்கள் விதிகள், 2020' நடைமுறையில் இருக்கிறது. தயாரிப்பாளரின் பெயர், முகவரி, பேட்ச் எண், உற்பத்தி உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம், சேர்மானங்கள் ஆகியவை அட்டையில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். இதில் எதுவுமே இல்லாத பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? நிறத்துக்காகச் சேர்க்கும் பொருளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கு, ஆர்சனிக் 2 பங்கு ஆகியவற்றைத் தாண்டக் கூடாது என்பது விதி. முகத்தில் போடும் பொருளில் பாதரசத்தை வேண்டுமென்றே சேர்க்கவே கூடாது, தற்செயலாகக் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேல் போகக் கூடாது. பெயர் தெரியாத டப்பாவில் இதையெல்லாம் யார் சோதித்திருப்பார்கள்?

பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை இது. 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகப் பாதிப்போடு வந்த சிலரை மருத்துவர்கள் விசாரித்தபோது, அவர்கள் சிவப்பழகு கிரீம் பயன்படுத்தி வந்தது தெரியவந்தது. கிரீம்களில் பாதரசம் இருந்தது. அதே ஆண்டு கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது. அது ப்ளஷ் விவகாரம் இல்லைதான். ஆனால் லேபிள் இல்லாத டப்பாவை முகத்தில் பூசுவதன் ஆபத்து ஒன்றேதான்.

தமிழில் மேக்கப்புக்கு 'அரிதாரம்' என்று ஒரு பழைய பெயர் இருக்கிறதே, அந்த அரிதாரம் உண்மையில் ஒரு மஞ்சள் நிறக் கனிமம். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. ஒரு காலத்தில் நடிகர்கள் முகத்தில் பூசியது அதைத்தான், பெயரும் அப்படியே நின்றுவிட்டது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு தகவல். சில ப்ளஷ்களில் சிவப்புக்காக 'கார்மைன்' சேர்க்கிறார்கள். காக்கினீல் என்ற பூச்சியிலிருந்து எடுப்பது. சேர்மானப் பட்டியலில் 'சி.ஐ. 75470' என்ற எண் இருந்தால் அது கார்மைன். வேண்டாம் என்பவர்கள் 'சி.ஐ. 77491' இருக்கும் ப்ளஷ்ஷைப் பார்க்கலாம். இது இரும்பு ஆக்சைடு, கிட்டத்தட்ட செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கும் அதே பொருள். ஆனால் ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்று அர்த்தம் இல்லை, பட்டியலை முழுசாகப் படிக்க வேண்டும்.

திறந்த மூடியோடு ஒரு சின்ன டப்பா படமும் அதில் '12 எம்' என்றும் இருந்தால், திறந்ததிலிருந்து 12 மாதம் வரை பயன்படுத்தலாம் என்று பொருள்.

குங்குமம், லிப்ஸ்டிக்... ப்ளஷ்ஷுக்குப் பதில் போடலாமா?

குங்குமம் வேண்டாம். நெற்றியில் ஒரு பொட்டு வைப்பதும் கன்னம் முழுக்கத் தேய்ப்பதும் ஒன்றாகாது. கடைக் குங்குமத்தில் என்ன சாயம் சேர்த்திருக்கிறார்கள் என்பது பாக்கெட்டில் பெரும்பாலும் இருக்காது. வியர்த்தால் வழியும், துணியில் கறை போகாது.

லிப்ஸ்டிக் ஓகே. விரல் நுனியில் ஒரு புள்ளி எடுத்து, கன்னத்தில் மூன்று இடத்தில் வைத்து, தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும். சீக்கிரம் காய்ந்துவிடும் 'மேட் லிக்விட்' லிப்ஸ்டிக் இதற்குச் சரிவராது, திட்டுத்திட்டாக நின்றுவிடும். பரு அதிகம் உள்ளவர்கள் தினமும் இப்படிச் செய்யாமல் இருப்பது நல்லது. புதிதாக ப்ளஷ் வாங்கவே தயங்குபவர்கள், இருக்கிற அடர் ரோஸ் அல்லது செங்கல் நிற லிப்ஸ்டிக்கை வைத்து ஒரு வாரம் பழகிப் பார்க்கலாம். எந்த ஷேட் நமக்கு எடுக்கிறது என்பதும் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

பவுடரா, கிரீமா?

முதல்முறை போடுபவர்களுக்கு, அதுவும் எண்ணெய் வழியும் முகம் என்றால், பவுடர்தான் வசதி. அதிகமானாலும் சரிசெய்யலாம். வறண்ட முகத்துக்கு கிரீம் பொருந்தும், விரலே போதும், பிரஷ் வேண்டாம். லிக்விட் ப்ளஷ் பார்க்க அழகு, ஆனால் ஒரு சொட்டு அதிகமாகிவிட்டால் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வரிசை முக்கியம். சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷன், கிரீம் ப்ளஷ், அதன் மேல் காம்பாக்ட், கடைசியில் பவுடர் ப்ளஷ். காம்பாக்ட் போட்ட பிறகு கிரீம் ப்ளஷ்ஷைத் தேய்த்தால் பவுடர் உருண்டு உருண்டு திரளும். தர்மபுரி வெயிலில் ரொம்ப நேரம் நிற்க வேண்டுமென்றால் கிரீம் கொஞ்சம், மேலே அதே நிறத்தில் பவுடர் கொஞ்சம் என்று இரண்டையும் போடலாம்.

போடுவது எப்படி?

கன்னம் அளவுக்குப் பஞ்சு போன்ற பெரிய பிரஷ் வேண்டும். டப்பாவோடு வரும் சின்ன பிரஷ் கோடு போடத்தான் ஆகும். பிரஷ்ஷைப் பவுடரில் லேசாகத் தொட்டு, டப்பாவின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டி உதிர்த்துவிட்டு ஆரம்பியுங்கள். உதிர்க்காமல் வைத்தால் முதலில் பட்ட இடத்தில் ஒரு வட்டம் விழும். பிறகு அதைப் பரப்பவே முடியாது.

'சிரித்துக்கொண்டே கன்ன மேட்டில் போடுங்கள்' என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. சிரிக்கும்போது மேலே ஏறும் கன்னம், சிரிப்பை நிறுத்தியதும் இறங்கிவிடும். ப்ளஷ்ஷும் கூடவே இறங்கி மூக்கு நுனிக்குக் கீழே வந்து நிற்கும். முகம் தொங்கினாற்போல் தெரியும். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, மூக்கிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கண்ணின் கருவிழிக்கு நேர் கீழே ஆரம்பித்து, காதின் மேல்பக்கத்தை நோக்கிச் சாய்வாகக் கொண்டுபோங்கள். மூக்கு நுனியை விடக் கீழே இறங்காமல் இருந்தால் போதும். முக வடிவத்துக்கு ஏற்றபடி பத்து விதமாகப் போடச் சொல்வார்கள், ஆரம்பத்தில் அது தேவையில்லை.

ஒரே தடவையில் நிறம் வர வேண்டும் என்று அழுத்த வேண்டாம். ஒரு கோட், பார்த்துவிட்டு இன்னொரு கோட். அதிகமாகிவிட்டால் கர்ச்சீப்பால் தேய்க்காதீர்கள், அடியில் போட்டதும் சேர்ந்து வந்துவிடும். காம்பாக்ட் பஃப்பை மேலே வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தால் அடங்கிவிடும்.

டியூப்லைட் செய்யும் சதி

நம்ம ஊரில் முகூர்த்தம் பெரும்பாலும் அதிகாலை. மேக்கப் ஆரம்பிப்பது மூன்று மணி, நான்கு மணிக்கு. மண்டபத்து மணமகள் அறையில் வெள்ளை டியூப்லைட்டோ எல்.இ.டி. பல்போதான் இருக்கும். இந்த மாதிரி விளக்குகள் பலவற்றில் சிவப்பு ஒளி குறைவு. அதனால் கன்னத்தில் போட்ட சிவப்பு போதாதது போலத் தெரியும். இன்னொரு கோட் போடுவார்கள், அதுவும் போதாது என்று இன்னொன்று. விடிந்து வாசலுக்கு வந்தால் கன்னம் இரண்டும் திகுதிகுவென்று இருக்கும். தீர்த்தமலை கோயிலில் கல்யாணம் என்றால் வெயிலில் படி ஏற வேறு வேண்டும், முகம் தானாகவே சிவக்கும், அதோடு இதுவும் சேர்ந்துகொள்ளும்.

எனவே அறை விளக்கில் 'கொஞ்சம் கம்மியா இருக்கே' என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். சாயந்திரம் மேடையில் நிற்கும் வரவேற்பு என்றால் கதை வேறு. வீடியோ லைட்டும் ஃபிளாஷும் நிறத்தை விழுங்கிவிடும், அங்கே ஒரு கோட் கூடுதலாகப் போடலாம்.

வியர்த்தால் துடைக்க வேண்டாம், டிஷ்யூ பேப்பரை வைத்து ஒற்றி எடுங்கள்.

"கொஞ்சம் கலர் ஏத்தி விடுங்க"

மணமகள் அறையில் அடிக்கடி கேட்கும் குரல் இது. உடனே ஃபவுண்டேஷனை இரண்டு ஷேட் வெளுப்பாகப் போடுவார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். அதன் மேல் எந்த ப்ளஷ் போட்டாலும் ஒட்டாது. அடர்த்தியாகப் போட்டால் பொம்மை, வெளிறிப் போட்டால் சாம்பல். முதலில் சரிசெய்ய வேண்டியது ஃபவுண்டேஷனை. கழுத்தின் நிறத்தோடு ஒத்துப்போகும் ஷேடைப் போட்டுவிட்டால் ப்ளஷ் வேலை பாதி முடிந்த மாதிரி.

1975-ல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. சென்னையிலிருந்து 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற பிரசாரம் 2009-லேயே கிளம்பி, நடிகை நந்திதா தாஸ் வரை அதில் கைகோத்தார். மணமகள் அறைக்குள் மட்டும் அந்தக் குரல் இன்னும் மாறவில்லை. ப்ளஷ் யாரையும் வெளுப்பாக்காது. இருக்கிற நிறத்துக்கு உயிர் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது.

முகத்தில் போடும் முன்

புதிய ப்ளஷ் எதுவானாலும் முழங்கையின் உட்புறத்திலோ காதுக்குப் பின்னாலோ கொஞ்சம் தடவி, ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அதை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். முகத்தில் போட்ட பிறகு எரிச்சல் வந்தால் உடனே கழுவிவிட்டு, குறையவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் நாலு பேருக்கும் ஒரே பிரஷ் என்பது நல்ல பழக்கம் இல்லை. பரு, சொறி, கண்வலி இருப்பவர்கள் பயன்படுத்திய பிரஷ் என்றால் கண்டிப்பாகக் கூடாது. வாரம் ஒருமுறை ஷாம்பு தண்ணீரில் அலசி, மயிர்ப்பக்கம் கீழே தொங்கும்படி காயவைக்கலாம். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் கைப்பிடிக்குள் இறங்கிப் பசை விட்டுவிடும்.

அந்த அக்காவிடம் ஏற்கெனவே வந்திருக்கும் பேபி பிங்க்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. செங்கல் நிற லிப்ஸ்டிக்கை விரலால் கன்னத்தில் தட்டிப் பரப்பி, காம்பாக்ட் ஒற்றிவிட்டு, கன்ன எலும்பின் உச்சியில் மட்டும் இந்த வெளிர் ரோஸைத் துளி தொட்டால் அந்த இடம் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும். நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்பு, காலை பத்து மணி வாக்கில், கட்டப்போகும் புடவையைத் தோளில் போட்டு, வாசலில் நிற்கவைத்து போனில் ஒரு போட்டோ எடுத்துப் பார்க்கட்டும். பியூட்டி ஃபில்டரை ஆஃப் செய்துவிட்டு.